எட்டு நொடிக்குப் பிறகும் நடந்தவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நம்பும்படி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். மணி, நிமிடம், நொடி எல்லாம் சர்வர் எழுதிவைத்த பதிவில் இருக்கிறது. அதை அச்சடித்த இரண்டு தாள்கள் இப்போதும் மெர்வின் வீட்டு பைபிளுக்குள் மடித்துக் கிடக்கின்றன, நானே பார்த்தேன். பேய் என்றால் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இது நடந்தது போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வீட்டில் காப்பி குடிக்கிற நேரம்.

மெர்வின் பாளையங்கோட்டை சமாதானபுரத்துக்காரன். வயது இருபத்தொன்பது. மனைவி ஜெசி டீச்சர். சென்னையில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். நாலு பேர் ஆளுக்கொரு போனில் சேர்ந்து விளையாடுகிற காட்டுக்குள் நடக்கிற விளையாட்டு ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஓடி ஒளிய வேண்டும், தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் மெர்வினுக்கு ஒரே வேலை. நெட் மட்டமாக இருக்கிறவனையும் மற்றவர்களோடு விளையாட வைக்க வேண்டும்.

அது எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது தெரியாவிட்டால் மீதி புரியாது. ஒருவனுக்கு சிக்னல் அறுந்துபோனால், மற்றவர்கள் திரையில் அவனுடைய பொம்மை நட்டுவைத்த கல் மாதிரி நின்றுவிடும். விளையாட்டே கெட்டுப்போகும். அதனால் சர்வர் ஊகம் செய்யும். கடைசியாக எந்தப் பக்கம் ஓடினானோ அதே பக்கம் நேராக அவனை ஓடவிடும். சிக்னல் திரும்பியதும், அவன் நிஜமாக இருக்க வேண்டிய இடத்துக்குப் பைய இழுத்துக்கொண்டு வரும். குரலும் ஓட்டமும் சேர்ந்து வர வழியில்லாதபோது முதலில் குரலை வெட்டிவிடும். இந்த ஊக ஓட்டத்துக்கு எட்டு நொடிதான் கெடு. எட்டு நொடியில் ஆள் திரும்பவில்லை என்றால் பொம்மை மறைந்தாக வேண்டும். இந்தக் கெடுவை எழுதியவனே மெர்வின்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க நிஜமாகவே மோசமான நெட் வேண்டும். அதற்கு வாய்த்தவன் எஸ்றா. மெர்வினின் சித்தி இன்பமணிக்கு ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றோரத்தில் அவர்கள் ஊர். வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாக வராது. ஆற்றுக்குள் கரையிலிருந்து நூறடி தள்ளி ஒரு கல்மண்டபம் இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் வந்து வந்து போகும். "வெள்ளிக்கிழமைக்குள்ள சோதனைய முடிச்சிருவோம்லே. பொறவு ஒன்னையக் கம்பெனியில சேக்கச் சொல்லிப் பேசுதேன்" என்று மெர்வின் சொல்லியிருந்தான். அதை நம்பி எஸ்றா தினமும் நாலரைக்கு மண்டபத்தில் ஆஜராகிவிடுவான்.

அந்த வாரம் மலையில் நல்ல மழை. மெர்வினுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"மழையிலயும் ஒருநாள் பாத்துருவோம். நெட்டு எவ்வளவு கெடுதோ அவ்வளவு நமக்கு நல்லது" என்றான்.

"ஊருல எல்லாரும் மழை நின்னாப் போதும்னு இருக்காவ. ஒங்களுக்கு மட்டும் கொட்டணுமாக்கும்" என்றாள் ஜெசி.

அவள் சொன்னது அன்றைக்கு அவன் காதில் ஏறவில்லை. இன்றைக்கு நினைத்து நினைத்துச் சாகிறான்.

வியாழக்கிழமை. 4:31. மூன்று பேரும் உள்ளே நுழைந்தார்கள். மெர்வின் லேப்டாப்பில், ஜெசி பக்கத்திலேயே தன் போனில், எஸ்றா மண்டபத்தில். எஸ்றாவின் பொம்மைக்குப் பச்சைச் சட்டை. தலைக்கு மேலே அவன் பெயர். அவனுக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு, ஓடும்போது குதித்துக்கொண்டே இருப்பான். பத்தடி ஓடினால் நாலு குதி. அதைப் பார்த்து ஜெசி எப்போதும் சிரிப்பாள்.

4:50. மைக்கில் எஸ்றா பேசினான். "அண்ணே, இங்கன மழை ஊத்துது. மண்டபத்துக்குள்ள ஒதுங்கிட்டேன். போனு நனையல."

"அங்கனயே இரு. எந்திரிச்சிராத" என்றான் மெர்வின்.

5:04. குரல் துண்டு துண்டாக வந்தது. "அண்ணே... ண்ணி... அண்..."

சர்வர் குரலை வெட்டியது. ஓட்டம் மட்டும் தங்கு தடையில்லாமல் வந்தது. "பாத்தியா ஜெசி, கொரல வெட்டிட்டு ஓட்டத்த எப்படிக் காப்பாத்துது பாரு" என்று மெர்வின் தொடையைத் தட்டிக்கொண்டான்.

5:10. ஜெசிதான் முதலில் கேட்டாள்.

"ஏங்க, எஸ்றா ஏன் குதிக்க மாட்டேங்கான்?"

மெர்வின் பார்த்தான். பச்சைச் சட்டை மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. குதிக்கவில்லை. ஓடவும் இல்லை. நடந்தது.

அந்த விளையாட்டில் நடை கிடையாது. நிற்கலாம், ஓடலாம், குதிக்கலாம். நடக்கிற படத்தை யாரும் வரையவே இல்லை. ஆனால் பச்சைச் சட்டை நடந்தது. ஒவ்வொரு காலையும் கஷ்டப்பட்டுத் தூக்கித் தூக்கி வைத்தது.

"தண்ணிக்குள்ள நடக்க மாதிரி இருக்குங்க" என்றாள் ஜெசி.

மெர்வின் சர்வர் பதிவைத் திறந்தான். எஸ்றாவின் போனிலிருந்து கடைசியாகத் தகவல் வந்த நேரம் 5:07:18. அதற்குப் பிறகு ஒரு துளியும் வரவில்லை. 5:07:26-க்கு அந்தப் பொம்மை மறைந்திருக்க வேண்டும்.

இப்போது மணி 5:11.

எஸ்றாவைக் கூப்பிட்டான். போன் அணைக்கப்பட்டிருந்தது. சித்தியைக் கூப்பிட்டான்.

"அவன் அப்பமே மண்டபத்துக்குப் போயிட்டானே மெர்வினு. இங்கன ஆத்துல தண்ணி கூடிட்டுன்னு சத்தம் போடுதாவ. அவன் ஒங்கூடத்தான பேசிட்டு இருக்கான்?"

மெர்வின், அவளிடம் கரையில் டீக்கடை வைத்திருக்கும் சுடலைமணியின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டான்.

5:16. சுடலைமணி எடுத்தார். பின்னால் மழைச் சத்தமும் ஆற்றுச் சத்தமும் சேர்ந்து இரைந்தன.

"தம்பி, மண்டபம் முங்கிட்டு. தூணே தெரியல. மேல்கூரை மட்டும் ஒரு சாண் தெரியுது. இந்த மழையில, அதுல ஆள் இருக்க மாதிரி எனக்குத் தெரியல. அடிச்சிட்டுத்தான் போயிருக்கும். நாங்க கீழ அணைக்கட்டுப் பக்கம் போறோம். மிதந்து போவ இருக்கது ஒரு லாரி டியூபு. ரெண்டு எடத்துக்கும் போவ முடியாது."

"ஏங்க..." ஜெசி அவன் கையைப் பிடித்தாள்.

திரையில் பச்சைச் சட்டை நின்றது. கையை உயர்த்தி எதையோ பற்றியது. அங்கே பற்றுவதற்கு ஒன்றும் இல்லை, வெறும் வெளி. ஆனால் ஏறியது. ஒரு கை... ஒரு கால்... மறு கை... தரையிலிருந்து பத்தடி உயரத்தில், காற்றில், ஏறி நின்றது.

பிறகு குனிந்தது. கீழே கையை நீட்டியது. எதையோ கனமாக மேலே இழுத்தது.

பிறகு உட்கார்ந்தது.

அந்த விளையாட்டில் உட்காரவும் முடியாது.

5:19. உட்கார்ந்த பொம்மை முகத்தைத் திருப்பியது. மெர்வினின் பொம்மையைப் பார்க்கவில்லை. திரைக்கு வெளியே, மெர்வினையே பார்த்தது. தன் பக்கத்தில் கையால் தட்டியது. ஒரு தட்டு... இரண்டு தட்டு... இங்கே, இங்கே என்று காட்டுகிற மாதிரி.

மெர்வின் எழுதிய ஊகத்துக்கு நேராக ஓட மட்டும்தான் தெரியும். அது அவனுக்குத் தெரியாதா? இது அதுவல்ல. இதை நம்பி டியூபை மண்டபத்துக்கு அனுப்பினால், எஸ்றா அணைக்கட்டுப் பக்கம் எங்காவது கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால்? ஒரே பிள்ளை. மழையைக் கேட்டு வாங்கியவன் இவன். அங்கேயே இரு என்று சொன்னவனும் இவன்.

"அண்ணாச்சி" என்றான். சுடலைமணி இன்னும் லைனில்தான் இருந்தார். "கீழ போவாதீங்க. கூரை மேல பாருங்க. அவன் அங்கனதான் கெடக்கான்."

"நீ பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு எப்படித் தம்பி சொல்லுத?"

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஒங்க காலப் புடிச்சுக் கேக்கேன்."



"சரி. மண்டபத்துக்கே போறோம்" என்றார் சுடலைமணி.

5:48. திரையில் பச்சைச் சட்டை எழுந்தது. கீழே இறங்கியது. இடுப்பு வரை தெரிந்தது... மார்பு வரை... தலை மட்டும்...

மறைந்தது.

அதே நிமிடத்தில் போன் அடித்தது.

"தம்பி, இருக்கான். கூரை மேல கெடக்கான். உசிரு இருக்கு."

ஜெசி வாய்விட்டு அழுதாள். மெர்வின் அழக்கூட இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அந்த மழையில் கிளம்பினான்.

ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் எஸ்றா கண் விழித்தான். தலையில் நாலு தையல். சித்தி அவன் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். மெர்வின் குனிந்து, "எப்படிலே கூரையில ஏறுன?" என்று கேட்டான்.

"நான் எங்கன ஏறுனேன்? தண்ணி ஒரே மூச்சுல வந்துட்டு அண்ணே. வழுக்கித் தூணுல மண்டைய இடிச்சேன். போனும் போச்சு. கூரை விளிம்பப் புடிச்சுத் தொங்கிட்டுக் கெடந்தேன். பொறவு ஒரு ஆளுதான் கையப் புடிச்சு மேல தூக்குனாரு."

"யாரு? நம்ம ஊருக்காரரா?"

"தெரியல. முன்ன பின்ன பாத்ததில்ல. சட்டையெல்லாம் சேறு. எம் பக்கத்துல உக்காந்திருந்தாரு. எம் போனு அவரு கையில இருந்துச்சு. குனிஞ்சு அதையே பாத்துட்டு இருந்தாரு."

மெர்வின் இன்னும் கிட்டே குனிந்தான்.

"அண்ணே, அவருக்கு மூச்சு வாங்கவே இல்ல. ஒருவாட்டி மட்டும் பேசுனாரு. 'மூணு நாளா நானும் கூப்பிடுதேன், ஒருத்தனுக்கும் கேக்கல. இது கேக்குது'ன்னாரு. ஆளுக டியூபோட வந்ததும் தண்ணிக்குள்ள எறங்கிட்டாரு. அவரையும் காப்பாத்தச் சொல்லிக் கத்துனேன். எங்கூட யாருமே இல்லங்காவ."

தலையில் அடிபட்ட பிள்ளை, ஏதோ உளறுகிறான் என்றார் நர்ஸ். மெர்வினும் அப்படி நினைக்கத்தான் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெள்ளம் வடிந்தது. நாலு மணிக்குச் சுடலைமணி கூப்பிட்டார்.

மண்டபத்துக்குள், மேற்குப் பக்கத் தூண்களுக்கு நடுவே, அடித்து வந்த கிளைகளுக்கும் முள்ளுக்கும் அடியில், மேலேயிருந்து வெள்ளத்தோடு வந்து சிக்கிய ஓர் ஆள் கிடந்தார். ஐம்பது வயசு இருக்கும். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. தேடி யாரும் வரவும் இல்லை. உடம்பு கிடந்த நிலையைப் பார்த்த டாக்டர், செத்து முழுசாக நாலு நாள் ஆகியிருக்கும் என்றார். அப்படியென்றால் திங்கட்கிழமை.

போலீஸ்காரர்கள் மெர்வினை வரச்சொன்னார்கள். ஒரு பொருளை அடையாளம் காட்ட வேண்டுமாம். மேஜை மேல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை 4:50-க்குத் தன்னோடு பேசிய எஸ்றாவின் போன்.

"இது எங்கன கெடந்துச்சு சார்?" என்று கேட்டான்.

செத்துக் கிடந்தவரின் சட்டைப் பையில் இருந்தது. பையின் பித்தான் போட்டிருந்தது.