அக்கா பெயரில் நின்றவள்

அந்தச் சட்டத்தைப் பெரட்டில் நின்று வாசித்தவனே நான்தான். மலாயாவில் குளுவாங்கிற்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது எனக்குக் கிராணி வேலை, ஆள் கணக்கு எழுதுவது. விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். துரை கொடுத்த காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "வேலையில அடிபட்டா இனிமே தோட்டம் நஷ்டஈடு குடுக்கணும். சட்டம் வந்திருக்கு" என்று பெரிய மனுஷன் தோரணையில் விளக்கினேன். "கால் போனா எவ்வளவுங்கய்யா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். "ஏன்டா, விக்கப் போறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் அது. புது ஆள் ஒருவரைக்கூட எடுக்கக் கூடாது என்று துரையின் உத்தரவு. இருக்கிற ஆட்களிலேயே பெயரை வெட்டிக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, ஆலையில் உருளை யந்திரத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. உறைந்த ரப்பர் பாலைத் தகடாக நசுக்கித் தள்ளும் யந்திரம் அது. நாலு நாள் வராவிட்டால் அவள் பெயரும் போய்விடும். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஊரிலிருந்து வந்து, அவளோடு கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் ஒண்டியிருந்த தங்கை ஒருத்தி இருந்தாள். மறுநாள் பெரட்டில் நான் அக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது, "இருக்கேங்கய்யா" என்று குரல் கொடுத்தது இந்தத் தங்கைதான். குரல் வித்தியாசம் தெரியாதா எனக்கு? நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பதிவேட்டில் அக்கா வந்ததாகக் குறித்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் இது புதிதல்ல. ஒருவர் படுத்துவிட்டால் அதே வீட்டில் இன்னொருவர் அந்தப் பெயரில் வந்து நிற்பார். ஆட்களை மேய்க்கிற மண்டோருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், துரைக்கு மட்டும் தெரியாது. கண்டும் காணாமல் விடுகிற நல்ல கிராணி என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்க எனக்கு இனித்தது, ஒளிப்பானேன்.

மூன்றாம் நாள் தங்கையின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. பழகாத கை. யந்திரத்தை நிறுத்துவதற்குள் நான்கு விரல்கள் நசுங்கிவிட்டன. அலறல் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். ஓடுகிறபோது என் நினைப்பில் இருந்தது அவள் கை இல்லை, பதிவேடு. இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

விபத்து என்றால் லேபர் ஆபீஸ் அதிகாரி விசாரணைக்கு வருவார். பெரட்டில் வாசித்த அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். தோட்டத்துக்காக வேலை செய்தாளா, அந்த வேலையில் அடிபட்டாளா, இவ்வளவுதான் அதில் கேட்டிருந்தது. யார் பெயரில் நின்றாள் என்று எந்த வரியிலும் இல்லை. அவளுக்குப் பணம் கிடைக்கும். ஆனால் பெயர் மாற்றி நிற்க விட்டது யார் என்று துரை கேட்பார். கிராணிமாரையும் அப்போது வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மத்தியானம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாழைப்பழம்! கேட்டீர்களா!

"தங்கச்சி, லேபர் ஆபீஸ்லேர்ந்து வந்து கேப்பாங்க. வேலை செஞ்சேன்னு சொல்லாத. அக்காதான் வேலையில இருந்தா, அவளப் பாக்க வந்தேன், கை பட்டுடுச்சின்னு சொல்லு."

"ஏங்கய்யா? வேலையில அடிபட்டா குடுப்பாங்கன்னு நீங்கதானே வாசிச்சீங்க?"

"அது பேரு இருக்கறவங்களுக்கு. ஒனக்குத்தான் பேரே இல்லியே. நெசத்தச் சொன்னா ஒனக்கும் ஒண்ணும் கெடைக்காது, ஒங்க அக்கா பேரையும் வெட்டிக் கப்பலேத்திடுவாங்க."

கப்பல் நடக்கக்கூடியதுதான். மற்றது பச்சைப் பொய்.

"ஐயோ, அக்காவையா? வேணாங்கய்யா. நீங்க சொல்றபடியே சொல்லிடுறேன்" என்றாள். மறுகணமே சம்மதித்துவிட்டாள். கொஞ்சம் சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிகாரி வந்தார். வெள்ளைக்காரர், புத்தகத்தில் படித்த தமிழ். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உன்னை யார் வேலை செய்யச் சொன்னார்கள்?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலீங்க. அக்காவப் பாக்கப் போனேன். என் தப்புதாங்க."

அந்தக் கடைசி வார்த்தை நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளாகவே சேர்த்துக்கொண்டது.

"பயப்படாதே. உண்மைதானா?" என்று அவர் மறுபடி கேட்டார். "ஆமாங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, இந்தப் பெண் பதிவேட்டில் உண்டா என்றார். இல்லை என்றேன். நஷ்டஈடு கிடையாது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கூட வந்திருந்த மண்டோர் வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினான். சீ, என்ன ஜென்மங்கள் நாங்கள்!

ஒரு மாதம் கழித்து, காலையில், கையில் கட்டோடு அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். சட்டம் தெரிந்த யாரோ சொல்லியிருப்பார்கள், திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்றுகூட இருந்தது.

"ஐயா, இந்தத் தடவையும் கப்பல்ல போறவங்கள்ல அக்கா பேரு வரலீங்க. நீங்க மட்டும் சொல்லிக் குடுக்கலன்னா நான் பாட்டுக்கு எதையாச்சும் ஒளறியிருப்பேன். எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க" என்றாள். நல்ல கையைக் கட்டுப் போட்ட கையோடு சேர்த்துக் கும்பிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மறுபடி மனுப் போட அப்போதும் நாள் இருந்தது. அதுவும் அந்தக் காகிதத்திலேயே இருந்தது, எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"இருக்கட்டும்மா, இதெல்லாம் ஒரு ஒத்தாசைதானே" என்றேன்.