ரோஸ்விதா உயிரோடு வந்த ஞாயிறு

உருளைக்கிழங்கு வேகும்வரை ரோஸ்விதா லெம்கே சமையலறைத் தரையில் செத்துக் கிடப்பார். மல்லாந்து, ஒரு கை விலகி, வாய் லேசாகத் திறந்து. கீழ்த்தளத்தில் பீர்க்கடை நடத்தும் கெஸீனே உப்புக் கேட்டு வந்தால் அவரைத் தாண்டிப் போய் எடுத்துக்கொள்வாள். "இன்னைக்கு இமை ஆடுதுடி" என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுப் போவாள்.

அங்க்ளம் ஊர் நாடக அரங்கில் முப்பது வருடமாக ராணி, வேலைக்காரி, கிறிஸ்துமஸ் நாடகத்துச் சூனியக்காரி எல்லாம் ரோஸ்விதாதான். ரொட்டிக்கடையில் அவரைக் கண்டால் குழந்தைகள் இன்றும் அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். அவர் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். ஆனால் படக்காரர்களுக்கு அந்தக் குரல் தேவைப்படவில்லை. மூச்சை அடிவயிற்றில் ஒளித்துவைக்கத் தெரிந்த அந்த உடம்புதான் தேவைப்பட்டது. பெர்லினிலிருந்து கூப்பிடுவார்கள். ரயிலேறிப் போய், புதரிலோ படகிலோ மாடிப்படியிலோ பிணமாகக் கிடந்துவிட்டு வருவார்.

ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் அந்தத் துப்பறியும் படம் வந்தால், திங்கள் காலை கறிக்கடை டெட்லெஃப் கத்தியைத் தீட்டிக்கொண்டே விசாரிப்பார்.

"என்னம்மா, நேத்து மறுபடியும் செத்துட்டீங்க போல?"

"ஆமாய்யா, இந்தத் தடவை கால்வாய்ல. தண்ணி சில்லுனு இருந்துச்சு."

"மூஞ்சி கொஞ்சம் ஊதித் தெரிஞ்சுது."

"அது மேக்கப். நாலு கட்லெட் நல்லதா எடுத்துப் போடுங்க."

செத்துக் கிடப்பது சுகம் என்பார். பிணத்தின் பக்கத்தில் யாரும் எதையும் மறைப்பதில்லை. விளக்குக்காரனின் விவாகரத்து, உதவி இயக்குநரின் கடன், எல்லாம் காதில் விழும். பிறகு அதுவும் தேய்ந்து போகும். மூடிய கண்ணுக்குள் பேனே ஆற்றின் மேல் மூடுபனி இறங்கும். துடுப்பில்லாத படகு ஒன்று நாணலை விலக்கிக்கொண்டு தானாக நகரும். மேலே கொக்குகள் போகும் சத்தம் கேட்கும், ஒன்றும் கண்ணில் படாது. கரையிலிருந்து யாரோ கூப்பிடுவார்கள். இவர் பதில் சொல்லமாட்டார். "போதும், எழுந்திருங்க" என்று தோளை உலுக்கும்போது, திரும்பி வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஆனாலும் அவருக்கு ஓர் ஏக்கம் உண்டு. மேடையில் பேசியதெல்லாம் அன்றன்றைக்கே காற்றோடு போயிற்று. படத்தில் நிற்பது மூடிய கண் மட்டும். ஒரே ஒரு முறையாவது தன் குரல் எங்காவது தங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அறுபது வயதில் ஆசைப்பட வெட்கமாகவும் இருந்தது.

போன வசந்தத்தில் அது வாய்த்தது. மகன் கொலையுண்ட சேதியைப் போலீஸ் அதிகாரி வந்து சொல்ல, அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டே பேசும் தாய் வேடம். ஒரே தடவையில் பேசி முடித்தார். விளக்குக்காரன் மூக்கை உறிஞ்சினான். ஊருக்குத் திரும்பியவர் கறிக்கடையிலேயே அறிவித்துவிட்டார்: "இந்தத் தடவை உயிரோட வரேன். பேசவும் பேசறேன்."

அந்தப் படம் வந்த ஞாயிறு கெஸீனேயின் கடையில் உட்கார இடமில்லை. படம் ஓடும்போது அங்கே யாரும் பீர்கூடக் கேட்கக் கூடாது. யாராவது இருமினால் டெட்லெஃப் முறைப்பார். கொலைகாரன் யார் என்று முதலில் சொல்லிவிடுவது அவருக்கு மானப் பிரச்சினை.

திரையில் அதிகாரி கதவைத் தட்டினார். ரோஸ்விதா திறந்தார். சேதியைக் கேட்டார். சட்டையின் மேல் அவர் கை தெரிந்தது, இஸ்திரிப் பெட்டியின் ஆவி தெரிந்தது. அடுத்த கணம் நெடுஞ்சாலையில் கார் ஒன்று ஓடியது.

கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். கார் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் பேசுனதை வெட்டிட்டாங்க" என்றார் ரோஸ்விதா. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதற்குள் வெளியே போய்விடலாம் என்று கோட்டைத் தேடினார்.

டெட்லெஃப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அங்க என்ன பேசுனீங்க?"

"விடுங்கய்யா. படத்தைப் பாருங்க. கொலைகாரனை விட்டுடப் போறீங்க."

"அவன் எங்க போயிடப் போறான்? பேசுனதைச் சொல்லுங்க."

கெஸீனே தொலைக்காட்சியை அணைத்தாள். "யார் கொன்னதுன்னு தெரியலையே" என்று மூலையில் ஒரு குரல் எழுந்தது. "நாளைக்குப் பேப்பர்ல படிச்சுக்க" என்றாள் அவள். டெட்லெஃப் நாற்காலியை இழுத்து, இருண்ட திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மற்ற நாற்காலிகளும் தரையை உரசிக்கொண்டு திரும்பின.

ரோஸ்விதா எழுந்து நின்றார். முன்னாலிருந்த கண்ணாடிக் குவளையை ஓரமாக நகர்த்தினார். மேசை விரிப்பின் மேல் வெறும் கையை வைத்து, இல்லாத சட்டையைக் காலர் பக்கத்திலிருந்து மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினார்.