நாற்பது வயதில் காதுகுத்து

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லோரும் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். அம்மாவிடம் திட்டும் வாங்கியவர்கள். ஆகவே அழுதுகொண்டே படிக்க வேண்டாம். தொண்ணூறு வயது வரை சிரித்துக்கொண்டும் அதட்டிக்கொண்டும் வாழ்ந்தவரை, இந்த முதலாண்டு நினைவு நாளில் சிரித்தே நினைப்போம்.

அம்மா பிறந்தது வியட்நாமில், சைகோனுக்குத் தெற்கே ஒரு நெல் கிராமத்தில். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவரை வளர்த்தது ஒரே அண்ணன். வியட்நாம் தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்த பிறகும் பிரெஞ்சுக்காரர்கள் விடவில்லை. படையோடு திரும்பி வந்தார்கள். போர் மூண்டது. மாமா நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குள் போனார். அப்போது காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்களிடம்தானே இருந்தது! நம் விழிதியூரிலிருந்து போய் அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்து, சைகோனில் லாரி ஓட்டியவர் எங்கள் அப்பா. அம்மா அவரைத்தான் கட்டிக்கொண்டார். "எதிரியின் உடுப்புப் போட்டவனைக் கட்டியவள் என் தங்கையே இல்லை" என்று மாமா சொல்லி அனுப்பிவிட்டார்.

போர் முடிந்ததும் அம்மா அப்பாவோடு கப்பலேறி வந்தார். தமிழைக் கிளிஞ்சல்மேட்டு மீன்கார அம்மாக்களிடம் கற்றதால் அவர் தமிழில் சத்தம் அதிகம், மரியாதை கொஞ்சம் குறைவு. பின்னாளில் சுனாமி வந்தபோது அதே அம்மாக்கள் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். ஒருவரையும் அம்மா பசியோடு படுக்க விடவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா மசியவே இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது நம் வழக்கம். அக்காவை ஊர்க்காரர் ஒருவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். அன்று முழுக்க அம்மா அழுதாராம். நான் பிறந்ததும், "இவனுக்கு எங்கண்ணன் வந்துதான் குத்தணும். வராட்டி குத்தவே வேணாம்" என்றுவிட்டார். படித்து முடித்தேன், வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. என் காது மட்டும் அப்படியே இருந்தது.

எனக்கு நாற்பது வயதானபோது, வியாபாரத்துக்காகச் சைகோன் போன அப்பாவின் நண்பர் மரைக்காயர், மாமாவைத் தேடிப் பிடித்துக் கையோடு அழைத்தே வந்துவிட்டார்! தங்கையைக் கண்டதும் மாமா குழந்தை மாதிரி அழுதார். அப்பா பக்கம் மட்டும் திரும்பவில்லை. அம்மா தவித்துப் போனார்.

விழிதியூர் மாரியம்மன் கோயிலில் காதுகுத்து. ஆசாரி என் மகனைப் பார்த்து, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார்.

"அவனுக்கு இல்லய்யா, அவன் அப்பனுக்கு!" என்றார் அம்மா.

மொட்டைத் தலையோடு நான் மாமா மடியில் உட்கார்ந்தேன். அந்தப் போரில் குண்டு பாய்ந்த தொடை அது. பாரத்தைக் கால்களில் தாங்கி ஒப்புக்குத்தான் உட்கார்ந்தேன். அவர் என் இடுப்பைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். கோயிலே சிரித்தது.

குத்தி முடிந்ததும் அம்மா மாமாவிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "மாமங்காரன் மச்சானக் கட்டிப்புடிச்சாத்தான் காதுகுத்து செல்லும்னு எங்கண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். அதானே நம்ம வழக்கம்? சொல்லுங்களேன்!"

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. பெரியப்பாதான் முதலில் சுதாரித்தார். "ஆமா ஆமா! கட்டிப்புடிக்காட்டி காது ஆறாது, சீழ் வச்சிடும்!" ஊரே தலையாட்டியது. மாமா மெல்ல எழுந்து போய் அப்பாவைக் கட்டிக்கொண்டார். அப்பா தேம்பிவிட்டார். அதன் பிறகு மாமா இங்கே இருந்தவரை, இருவரும் ஒரே மொபெட்டில் நெரவிக்குப் போய் டீ குடித்து வந்தார்கள்.

அப்பாவும் மாமாவும் இன்று இல்லை. அம்மாவைக் கடைசி வரை கண் போலப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும், மருத்துவருக்கும், தோள் கொடுத்த கிளிஞ்சல்மேட்டு உறவுகளுக்கும், மரைக்காயர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வியட்நாமிலிருந்து பறந்து வந்த மாமா மகனுக்குத் தனி நன்றி. கருமாதியன்று அவரிடம், "உங்கப்பாவ எங்கம்மா நல்லா ஏமாத்திட்டாங்க" என்று சிரித்தேன். என் மகள் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தார்.

"பொய்யுன்னு அவங்கப்பாவுக்கு அப்பவே தெரியுமாம்ப்பா" என்றாள் மகள். "மச்சான்கிட்ட போறதுக்கு ஒரு சாக்குக் கிடைக்காதான்னுதான் உக்காந்திருந்தாராம்."