பொருள் என்று எழுதிய வட்டம்

எங்கள் பக்கம் ஊருக்கு முடிவெட்டுகிறவனைக் குடிமகன் என்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாட்டில் உள்ள எல்லாருமே குடிமக்கள் என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் குடிமகன் வீடு ஒன்றுதான். அது என் வீடு.

அரிமளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். வீட்டுக்கு வீடு போய் முடி வெட்டுவேன். சாவு விழுந்தால் சங்கு ஊதுவேன். அறுப்புக்கு நெல் கொடுப்பார்கள். இளவட்டங்கள் இப்போது அரிமளம் சலூனுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வெட்டுகிறவரை அண்ணே என்கிறார்கள். அவர் என் பங்காளிதான். என்னிடம் இருப்பதும் அதே கத்திரிதான். அவரிடம் சுற்றுகிற நாற்காலி இருக்கிறது.

ஊர்ப் பள்ளியில் ஒரே டீச்சர். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாருக்கும் ஒரே அறையில் பாடம். என் மகள் ஐந்தாவது படித்தாள். அவள் நடந்து போனால் பின்னால் பையன்கள் வாயைக் குவித்து "பூம்" என்பார்கள். சங்காம். என்னிடம் சொல்லமாட்டாள். அவள் அம்மாவிடம் சொல்வாள். எனக்குக் கேட்கும்.

ஒரு நாள் நேராக என்னிடம் வந்தாள்.

"ப்பா, நாளைக்கு டீச்சர் ஒன்னய வரச் சொன்னாங்க."

"எதுக்கு? யாருக்காச்சும் முடி வெட்டணுமா?"

"இல்லப்பா. பொருள், சேவைன்னு பாடம். கையில எடுத்துக் குடுக்குறது பொருள். ஆளு செஞ்சு குடுக்குறது சேவை. நீ செய்யிறது சேவையாம். வயர்மேனும் வாராரு. சேவை செய்யிறவங்கள வாங்க போங்கன்னுதான் கூப்புடணும்னு டீச்சர் சொன்னாங்க."

உள்ளே போகத் திரும்பினாள். பிறகு சொன்னாள்.

"நீ வந்து நின்னா பூம்னு ஊத மாட்டாங்கப்பா."

அதற்காகத்தான் போனேன்.

காலையில் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டேன். என் பெண்சாதி பார்த்துவிட்டு, "என்ன, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?" என்றாள்.

"ஒனக்கும் கைக்கு ஒத்தாசையா இருக்கும்ல" என்றேன்.

மகள் சிரித்தாள். எனக்கு முன்னால் நடந்து போனாள்.

டீச்சர் தரையில் சாக்பீசால் இரண்டு வட்டம் போட்டிருந்தார். ஒன்றுக்குள் பொருள், இன்னொன்றுக்குள் சேவை. பிள்ளைகள் சோப்பு, அரிசிப் பாக்கெட், நோட்டு எல்லாம் கொண்டுபோய்ப் பொருளில் வைத்தார்கள். அடுத்தது ஆட்கள். ஒரு சிறுமி வயர்மேன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேவையில் நிறுத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"கரண்டு பொருளா சேவையா டீச்சர்?" என்றார் வயர்மேன்.

"மொதல்ல ஒழுங்கா வரட்டும்ணே, அப்பறம் பாப்போம்" என்றார் டீச்சர். பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள்.

அடுத்து நான். "இவங்க என்ன செய்யிறாங்க?"

"முடி வெட்டுவாங்க!"

"சரி. இவங்கள யாரு கூட்டிட்டுப் போயி நிறுத்துறீங்க?"

மூன்றாவது படிக்கிற ஒரு பையன் எழுந்தான். தெருக்கோடிப் பெரிய வீட்டுப் பிள்ளை. அவன் பிறந்த முடியை இறக்கினவன் நான். அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கொல்லையில் உட்கார வைத்து வெட்டுகிறவன். அவன் என் கையைப் பிடிக்கவில்லை. விரலை நீட்டினான்.

"இங்கிட்டு வா. இதுல நில்லு."

போய் நின்றேன். கீழே பார்த்தால் காலடியில் அரிசிப் பாக்கெட், சோப்பு.

"டேய், அது பொருள்டா. அங்க ஏன் நிறுத்துன?"

"எங்களுது டீச்சர். எங்க குடிமகன். எங்க ஐயா சொல்லிருக்காங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்த மாடு யாருது என்று கேட்டிருந்தாலும் இதே குரலில்தான் சொல்லியிருப்பான். வயர்மேன் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். டீச்சர் முகம் சிவந்துவிட்டது.

"தப்பு. ஆள யாரும் சொந்தங் கொண்டாட முடியாது. அண்ணே, நீங்க இங்க வாங்கண்ணே."

சேவை வட்டத்துக்கு மாறினேன். கை தட்டினார்கள். கைதட்டல் அடங்கும்போது பின்னாலிருந்து ஒரு "பூம்" வந்தது. மகளைப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் எதுவும் சாப்பிடவில்லை. பிறகு என்னிடம் வந்தாள்.

"அவன் சின்னப் பய. அவனுக்குத் தெரியாது. ஒனக்கு வாசிக்கத் தெரியும்ல? நீ ஏம்ப்பா போயி நின்ன?"

வாசிக்கத் தெரியும். அதே பள்ளியில் ஐந்தாவது வரை நானும் படித்தேன். கொட்டை எழுத்தில்தான் எழுதியிருந்தது. நான் எழுத்தைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் வா என்றால் வருவேன், நில் என்றால் நிற்பேன். சொல்வது பெரியவரா பிள்ளையா என்று கால் கேட்காது. என் அப்பாவுக்கும் அப்படித்தான். இதை அவளிடம் எப்படிச் சொல்ல?

"கவனிக்கல ஆத்தா" என்றேன்.

"பொய்யி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய வீட்டில் முடி வெட்டுகிற முறை. போனேன். பையனைக் கொல்லையில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள்.

"ஒன்னய சேவைன்னு சொல்லணுமாம். எங்க ஐயாகிட்ட சொன்னேன். ஒரே சிரிப்பு" என்றான்.

"தலைய ஆட்டாதீங்க தம்பி" என்றேன்.

வெட்டி முடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் ஆறாவதுக்கு அரிமளத்தில் சேர்க்க வேண்டும். விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தேன். என் எழுத்து கோணல். அதனால் அவளே எழுதினாள். பேர், பிறந்த தேதி எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள், தந்தையின் தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள். கேட்பாள் என்று இருந்தேன். கேட்கவில்லை. கூலி என்று எழுதினாள்.

"கையெழுத்துப் போடுப்பா."

போட்டேன்.

"சேக்குறதுக்கு அம்மா வரட்டும்."

"சரி" என்றேன்.