ஷெவந்திபாயின் இரண்டாவது கையெழுத்து

ஃபோண்டா பஸ் நிலையத்துக்கு எதிரே மிளகாய் பஜ்ஜி போடும் ஷெவந்திபாய்க்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் என்றுதான் பக்கத்தில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் நான் உட்பட எல்லோரும் நம்பியிருந்தோம். ஆகவில்லை என்பது அவளுடைய அறுபத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது.

அதைக் கிளப்பியவன் அவள் மகன் தாமோதர். டாக்ஸி ஓட்டி அலுத்துப்போனவன். போர்த்துகீசியர் ஆண்ட காலத்தில் கோவாவில் பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு போர்ச்சுகல் குடியுரிமை கிடைக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் லிஸ்பனுக்குப் போய்விட்டார்கள். தாமோதரும் தரகர் அனாக்லெத்தைப் பிடித்தான். அப்பா வாசுதேவின் பிறப்புப் பதிவு கிடைத்தது. அப்பா அம்மா கல்யாணப் பதிவும் வேண்டும், அதில்தான் இடித்தது.

"முதல் கையெழுத்து இருக்கு. பதினஞ்சு நாள் கழிச்சு வந்து ரெண்டாவது போடணும், அது இல்ல. சர்க்காரைப் பொறுத்தவரைக்கும் இவங்க புருஷன் பெண்டாட்டியே இல்ல" என்றார் அனாக்லெத்.

"அன்னிக்கு நல்ல மழை, படகு ஓடல. அப்புறம் மறந்துட்டேன்" என்றார் வாசுதேவ். "ஆனா கோயில்ல தாலி கட்டினேன். ஊரே வந்து சாப்பிட்டுச்சே!"

"சாப்பிட்டதுக்கெல்லாம் சர்டிபிகேட் தர மாட்டாங்க மாமா."

ஷெவந்திபாய் ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அப்போ இந்த ஆளு எனக்கு யாரு? எந்த உரிமையில தினமும் 'டீ கொண்டா'ன்னு கத்துறாரு?" பஜ்ஜிக்கு நின்றவர்களிடம் திரும்பினாள். "நான் கல்யாணமாகாத பொண்ணு. பார்த்துப் பேசுங்க!"

"ஆயீ, விளையாடாத. வந்து கையெழுத்துப் போடு" என்று அம்மாவைக் கெஞ்சினான் தாமோதர்.

"போன தடவை யாரும் என்னைக் கேக்கல. இந்தத் தடவை முறையாப் பொண்ணு கேட்டு வரச் சொல்லு."

வேறு வழியில்லாமல் வாசுதேவ் தேங்காயும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு ஷெவந்திபாயின் அண்ணன் உல்லாஸ் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். உல்லாஸுக்கு விஷயம் முன்பே வந்துவிட்டது.

"மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறாரு?"

"டேய், சீட்டாடறேன்னு உனக்குத் தெரியாதா? என்னோட ஆடறவனே நீதானே!"

"அப்படின்னா யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று சொல்லி, எங்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பிறகுதான் சம்மதம் கொடுத்தான்.

பழைய கையெழுத்து செல்லாது என்பதால் முதலிலிருந்து தொடங்கினார்கள். இடையில் வந்த பதினைந்து நாளும் ஷெவந்திபாய் வாசுதேவை அடுப்படியில் நிறுத்தினாள். இரண்டு விரல் வெந்தது. மூன்றாம் நாள் போட்ட பஜ்ஜியை நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

இரண்டாவது கையெழுத்து நாளன்று பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா, "சம்மதமா?" என்று கேட்டார். ஷெவந்திபாய் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். விளையாட்டா நிஜமா என்று எனக்கே பிடிபடவில்லை. தாமோதருக்கு வியர்த்துவிட்டது.

வாசுதேவ் அவள் பக்கம் குனிந்தார். "மழைன்னு சொன்னது பொய், ஷெவந்தி. அப்போ என்கிட்ட ஒரே ஒரு நல்ல சட்டைதான். கோயில்ல போட்டதையே இங்கயும் போட்டுட்டு வந்தா உங்க அண்ணன் சிரிப்பான்னு வெக்கமா இருந்துச்சு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்ப போட்டிருக்கறது மட்டும் நல்ல சட்டையாக்கும்?"

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்றரை வருஷத்தில் தாமோதருக்குப் பாஸ்போர்ட் வந்தது. லிஸ்பனில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. அனாக்லெத் விடாமல், "ஷெவந்திபாய், நீயும் அந்தக் காலத்துல பிறந்தவதானே, உனக்கும் வாங்கிடலாம்" என்றார்.

"வாங்கி? அங்க பஜ்ஜி போடவா?" என்று அவரை விரட்டிவிட்டாள். விமான நிலையத்தில் மகனைக் கட்டிக்கொண்டு அழுதவள், மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல எண்ணெயைக் காயவைத்தாள். அன்று உப்பு கொஞ்சம் கூடுதல். நாங்கள் யாரும் சொல்லவில்லை.