இல்லாத மீனுக்கு ஏழாம் விதி

அறுபதுகளின் இறுதியில் தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு தூண்டில் சங்கம் இருந்தது. ஒன்பது உறுப்பினர்கள், பள்ளி ஆசிரியர்களும் அலுவலக எழுத்தர்களுமாக, பெரும்பாலும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். பட்டம் பெற்று இரண்டு வருடமே ஆகியிருந்த நான் செயலாளர். தலைவர், ஊட்டியில் சில காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மலையிலிருந்து அவர் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்திருந்தார்: நீளமான ஒரு தூண்டில் கோல், அங்கிருந்த மீன்பிடி சங்கத்தின் விதிப் புத்தகம்.

மலைச் சங்கத்தாருக்கு மண்புழு ஆகாது. முள்ளில் சேவல் இறகைக் கட்டி, பூச்சி போல நீரின் மேல் மிதக்க விடுவார்கள். அதை நம்பித் துள்ளி வரும் மீனின் பெயர் ட்ரவுட். அது குளிர்ந்த ஓடைகளில் மட்டுமே உயிர் வாழும். திருநீர்மலைப் பக்கம் நாங்கள் தூண்டில் வீசிய அடையாற்றிலோ சித்திரையில் கால் வைத்தால் சுடும்.

விதிகளைத் தமிழில் பெயர்த்து எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஏழாம் விதி, ‘ட்ரவுட் வாழும் நீரில் எவரும் வலை வீசலாகாது’ என்றது. அதை நீக்கிவிடலாமா என்று தலைவரிடம் கேட்டேன்.

“ஒரு விதியை எடுத்தா மத்த விதிக்கெல்லாம் என்ன மரியாதை, தம்பி?” என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். இல்லாத மீனுக்கு ஒரு விதி இருப்பதால் எவருக்கும் தீங்கு நேர வழியில்லை என்று முடிவு செய்து, அப்படியே எழுதினேன். என் வாழ்வில் நான் மிகக் கவனமாக எடை போட்டுச் செய்த பிழைகளில் அது முதலாவது.

சனிக்கிழமை மாலைகளில் சைக்கிளில் ஆற்றுக்குப் போவோம். நூலைத் தலைக்குப் பின்னால் சுழற்றி முன்னால் வீச வேண்டும். பின்னால் சுழற்றும்போது முள் கருவேல மரத்தில் மாட்டும்; ஒருமுறை பொருளாளரின் காதில் மாட்டியது. ஒன்றரை வருடத்தில் நாங்கள் பிடித்தது ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டை. அதுவும் இறகை நம்பி வரவில்லை; போகிற வழியில் வாலில் முள் குத்திக்கொண்டது.

நாங்கள் தூண்டில் வீசிய மடுவிலேயே வலை வீசிப் பிழைத்த ஒரு பெண்மணி இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தோம். எங்கள் தூண்டில் வீச்சு அவருக்கு நல்ல பொழுதுபோக்கு.

“இன்னா சார், கொசு ஓட்றீங்களா?” என்பார்.

ஒரு நாள் ஆறு கருஞ்சிவப்பாக ஓடியது. மேலே ஒரு தோல் பதனிடும் கொட்டகை தன் கழிவுநீரைத் திறந்துவிட்டிருந்தது. கெளுத்திகள் வயிறு மேலாக மிதந்தன.

“நீங்க படிச்சவரு. நாலு எழுத்து எழுதிப் போடு சார். இந்த ஆத்த வுட்டா எனக்கு வேற போக்கு இல்ல,” என்றார் அக்கா.

மீன்வளத் துறைக்கு எட்டுப் பக்க மனு எழுதினேன். எங்கள் சங்கம் பொறுப்புள்ள அமைப்பு என்று காட்டுவதற்காக விதிகளின் படியையும் இணைத்தேன்.

மூன்றே வாரத்தில் நடவடிக்கை எடுத்தார்கள். கரையில் ஒரு பலகை முளைத்தது: ‘ட்ரவுட் மீன் பாதுகாப்புப் பகுதி. வலை வீசத் தடை.’ கழிவுநீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மறுநாள் காலை அக்கா என் வீட்டு வாசலில் நின்றார்.

“வலைய புடுங்கிகினு போயிட்டான் சார். யாரு அந்த ட்ரவுட்டு? பொறந்ததுலேந்து இந்த ஆத்துல கீறேன், நான் பாக்காத மீனா?”

“அது இங்கே இல்லை, அக்கா.”

“இல்லாததுக்கா இம்மாம் பெரிய பலகை?”

நேராக மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையானவர், என் மனுவை முழுவதும் படித்திருந்த ஒரே மனிதர்.

“நீங்க கேட்டதைத்தானே சார் செஞ்சோம்? ஏழாம் விதி, உங்க கையெழுத்து.”

“அடையாற்றில் ட்ரவுட் கிடையாது, சார்.”

“இல்லைன்னு எப்படித் தெரியும்? வலை போட்டுப் பார்த்தீங்களா?”

“வலைக்குத் தடை இருக்கிறதே.”

“ஆமாம்,” என்று அவர் உண்மையான வருத்தத்துடன் சொன்னார். “அது ஒரு சிக்கல்தான்.”

பிறகு அவர் கோப்பைப் புரட்டி ஒரு வழி கண்டார்: ட்ரவுட் உண்டா இல்லையா என்று கண்டறியும் ஆய்வுக்கு மட்டும் சங்கத்துக்கு வலை அனுமதி தரலாம், ஆய்வு முடியும்வரை வாரம் ஒரு அறிக்கை வர வேண்டும்.

“ஆய்வு எப்போது முடியும், சார்?”

“ட்ரவுட் கிடைச்சதும்.”

அன்று மாலையே செயற்குழு கூடி அக்காவைச் சங்கத்தின் ஆய்வாளராக நியமித்தது. புழுவையே தொடாத சங்கத்தில் வலையா என்று தலைவர் வருந்தினார், என்றாலும் கையெழுத்திட்டார். வலை திரும்பி வந்தது. பலகைக்கு நேர் கீழே நின்று அக்கா அதை வீசினார்.

வாரந்தோறும் அறிக்கை எழுதினேன். ‘இவ்வாரமும் ட்ரவுட் தென்படவில்லை. தென்பட்டவை: விரால், கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை.’ கடைசி வரியில், கேட்காமலே, நீரின் நிறத்தையும் சேர்த்தேன். சில வாரம் தெளிவு; பல வாரம் சிவப்பு. அந்த வரியைப் பற்றி எவரும் எனக்கு எழுதவில்லை. பாதி வென்று பாதி தோற்றதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

ஒரு சனிக்கிழமை, கூடையைப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த என்னிடம் அக்கா கேட்டார்.

“ஏன் சார், நெசமாவே ஒண்ணு வந்து மாட்டிக்கினா?”

“ஆய்வு முடிந்துவிடும். பலகை மட்டும் நிற்கும்.”

அவர் வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்டின்னா கொழம்பு வெச்சிட்றேன். உங்களாண்ட சொல்ல மாட்டேன். நீ பாட்டுக்கு எழுதிகினு இரு சார்.”