ஜன்னல் பக்கம் வெட்டாத குதிரை

டிம்ப்னா லாவெல்லுக்குக் கெட்ட சேதி சொல்ல வராது. கூட்டுறவுக் கடையில் தீவனம் விற்கிற கவுன்டரில் நிற்பவள் அவள். மூட்டை தீர்ந்துபோனால்கூட "இல்லை" என்று சொல்லமாட்டாள், "வந்துட்டே இருக்கு" என்பாள். ஒருமுறை எங்கள் ஊர் ஹனோராவின் நாய் லாரியில் அடிபட்டுச் செத்தது. பக்குவமாகப் போய்ச் சொல்லட்டும் என்று இவளை அனுப்பினோம். போனவள் டீ குடித்தாள், சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றாள், மழையைத் திட்டினாள், வந்துவிட்டாள். மறுநாள் ஹனோரா வாசலில் எலும்பை வைத்துக்கொண்டு நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிம்ப்னாவை நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. அவளிடம் யாருக்கும் கோபம் நிலைப்பதில்லை.

நான் ஃபிலோ. கிழக்கு கால்வே பக்கம் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்க் குதிரைக்கு முடிவெட்டும் மிஷின் போடுகிறவள். வேட்டைக்குப் போகிற குதிரை கம்பளி மாதிரி முடியை வைத்துக்கொண்டு ஓடினால் வேர்த்து, குளிர்ந்து, படுத்துக்கொள்ளும். அதனால் வெட்டுவோம். ஆனால் பிப்ரவரி முதல் தேதி வருகிற பிரிஜிட் திருநாளோடு சரி. அதற்குப் பிறகு கோடை முடி அடியில் முளைக்க ஆரம்பித்துவிடும், மிஷின் போட்டால் அதன் நுனியும் போய்விடும், அப்புறம் கோடை முழுக்க குதிரை பழைய துடைப்பம் மாதிரி நிற்கும். இந்தச் சட்டத்தை என்னைவிடச் சத்தமாகப் பேசுகிற ஆள் டிம்ப்னாவின் அண்ணன் கோல்மன். பிப்ரவரியில் யாரோ ஒருவர் குதிரைக்கு மிஷின் போட்டேன் என்பதற்காக ஒரு வருஷம் எனக்கு வணக்கம் சொல்லாத மனுஷன்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மார்ச் மாதத்தில், பேட்ரிக் திருநாளுக்கு முந்தின வாரம், டிம்ப்னா போன் செய்தாள்.

"ஃபிலோ, நம்ம பிஷப்புக்கு மிஷின் போடணும்."

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உங்கண்ணன் என்னைச் சுட்டுடுவாரு."

"நீ வா. வந்து பாரு."

போனேன். மழை நின்று வெயில் அடித்த அபூர்வமான நாள். கோல்மனின் கட்டிலை முன்னறை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் அங்கேதான். ஜன்னலுக்கு நேரே கல்சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் புல்வெளி, அதில் பிஷப். தலையை நிமிர்த்தி ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி நிற்கும் கிழக் குதிரை. அவர்தான் குட்டியிலிருந்து வளர்த்தார். இப்போது காலையிலிருந்து சாயங்காலம்வரை அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஃபிலோவா? பாத்தியா என் பிஷப்பை. குளிர்காலத்துல என்னா சதை போட்டிருக்கான். நான் மேல ஏறினா முதுகு பத்தாது போல."

"ஆமா கோல்மன், உங்களைவிட அவன் நல்லாத்தான் இருக்கான்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. டிம்ப்னா ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

அந்த இருமல் என்ன என்று எனக்குத் தெரியும். நுரையீரலில் இருப்பது கோடைக்குக் காத்திருக்காது என்று டாக்டர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவளிடம் சொல்லியிருந்தார். அண்ணனிடம் நானே சொல்கிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய், "சளி கட்டியிருக்காம், மே மாசம் நீ குதிரை மேல இருப்பே" என்று பூசி மெழுகிவிட்டாள். கடைக்குப் பின்னால் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிரிஜிட் திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் புனிதை தொட்டு நோய் தீர்ப்பாள் என்று வேலியில் போட்டு வைத்த துணியை எடுத்து, அண்ணன் நெஞ்சிலும் தேய்த்தாளாம், குதிரை முதுகிலும் தேய்த்தாளாம்.

பிஷப்பை லாயத்துக்குள் கொண்டுபோய், அதன் முடிக்குள் கையை விட்டேன். வெளியே பார்த்தால் கரடி. உள்ளே விரலுக்கு நேராக எலும்பு தட்டியது. தோல் ஈரமாக இருந்தது, புண் நாற்றம் அடித்தது.

"கால்நடை டாக்டர் என்ன சொன்னாரு?"

"வயசான குதிரைக்கு வர்ற சீக்காம். முடி கொட்டாதாம், வளந்துக்கிட்டே இருக்குமாம். உள்ளுக்குள்ள வேர்த்து வேர்த்துப் புண்ணாயிருக்கு. முடியை எடுத்தாத்தான் மருந்து போட முடியும்னாரு. போர்வையும் கூடாதாம், புண்ணுல காத்து படணுமாம்."

"அப்ப வெட்ட வேண்டியதுதானே. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவள் மென்று முழுங்கினாள். "வெட்டினா அண்ணன் எலும்பைப் பாத்துடுவாரு, ஃபிலோ. அவன் நல்லாயிருக்கான், நானும் எழுந்துடுவேன்னு தினம் சொல்றாரு. தினம்." ஏப்ரனின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "வெட்டலைன்னா இது புண்ணுல கிடந்து சாகும். நான் என்னதான் பண்ணட்டும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய் என்று திட்டினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. கொஞ்ச நேரம் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு சொன்னாள்:

"ஒரு பக்கம் மட்டும் வெட்டு."

"என்னது?"

"வலது பக்கம் மட்டும். இடது பக்கம் ஜன்னலைப் பாக்கற மாதிரி நான் கட்டிப்போடறேன். இந்தப் பக்கம் புண் ஆறினதும் மத்ததைப் பாத்துக்கலாம்."

"டிம்ப்னா, இது குதிரை. சுவத்துல மாட்டின படம் இல்ல. திரும்பும்."

"நான் கூடவே நிப்பேன்."

"கடைக்கு யாரு போவா?"

"லீவு போட்டாச்சு."

இத்தனை வருஷத்தில் பாதிக் குதிரைக்கு மிஷின் போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. முடியாது என்று கிளம்பியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன், மிஷினை எடுத்துவிட்டேன். முடி சுருள் சுருளாக விழுந்தது. அடியிலிருந்து விலா ஒவ்வொன்றாக வெளியே வந்தது, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தது, பிட்டம் குழி விழுந்திருந்தது. டிம்ப்னா அதன் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மருந்தைத் தடவியதும் பிஷப் நீளமாக மூச்சு விட்டது, அந்தப் பக்கத்துக்காவது சுகம் கிடைத்தது.

வீட்டுக்குப் பின்னால் சுற்றிக் கூட்டிப்போய், முடியுள்ள பக்கம் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி, சுவரோரம், புல்வெளி வாசலுக்கு நட்ட வாயிற்கல்லில் கட்டினோம். ஜன்னலில் கோல்மன் கையை ஆட்டினார். டிம்ப்னாவும் ஆட்டினாள். பார்த்தாயா என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பெருமை ஒரு டீ ஆறுகிற நேரம்கூட நிலைக்கவில்லை. வலது பக்கம் அரிப்பு நின்றுபோனதும் பிஷப்புக்கு இடது பக்கத்து அரிப்பு தாங்க முடியவில்லை. கயிறு விட்ட மட்டும் ஒரே சுழற்சியாகத் திரும்பி, முடியுள்ள பக்கத்தை வாயிற்கல்லில் வைத்து, கண் சொருகத் தேய்க்க ஆரம்பித்தது. வெட்டின பக்கம் முழுசாக, வெயிலில், ஜன்னலுக்கு நேரே. டிம்ப்னா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். நான் தோளை வைத்துத் தள்ளினேன். அது மலை மாதிரி நின்று தேய்த்துக்கொண்டிருந்தது.

ஜன்னல் கண்ணாடியில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது.

உள்ளே போனோம். கோல்மன் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"எத்தனை நாளா?"

"அது ஒண்ணுமில்ல கோல்மன், கால்நடை டாக்டர் மருந்து குடுத்திருக்காரு, ரெண்டு மாசத்துல…"

"டிம்ப்னா."

"டீ போடட்டுமா? வெந்நீர் இருக்கு."

"இங்கயே நில்லு. என் குதிரை எலும்பும் தோலுமா நிக்குது. நான் இங்க படுத்துக்கிட்டு அதைப் பாத்து சந்தோஷப்பட்டிருக்கேன், கேனையன் மாதிரி. வீட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் பெருமை பேசியிருக்கேன். எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அப்படித்தானே?"

நான் வாசலைப் பார்த்தேன். "நீயும் போகாத, ஃபிலோ," என்றார். இருமல் அவரைக் குனிய வைத்தது. யாரும் கிட்டே போகவில்லை, கையை நீட்டித் தடுத்துவிட்டார். இருமி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு தங்கையை நிமிர்ந்து பார்த்தார்.

"என் விஷயத்துல எந்தப் பக்கத்தை எனக்குக் காட்டாம வெச்சிருக்க?"

டிம்ப்னா வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு நல்ல சேதி வரப்போகிறது என்று நினைத்தேன், சளி, மே மாதம், ஏதோ ஒன்று. வரவில்லை. என்னைப் பார்த்தாள். சொல்லு என்பது போல நான் தலையை ஆட்டினேன். அவளுக்காக நான் சொல்லிவிடலாம்தான், ஆனால் அது என் வாயிலிருந்து வரக்கூடாது.

"உன் நுரையீரல் கோடை வரைக்கும் தாங்காதுன்னாரு டாக்டர்," என்றாள்.

வெளியே பிஷப் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தது. கோல்மன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், கரண்டியை எறிவார் என்று நான் பயந்து நின்றேன். அவர் திட்டவில்லை, அழவும் இல்லை.

"எப்ப சொன்னாங்க?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு. நீ வீட்டுக்கு வந்தியே, அன்னிக்கு."

"அன்னிலேர்ந்து இதை ஒண்டியாவா வெச்சுக்கிட்டிருந்தே?"

அவள் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். கோல்மன் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்தபடியே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி என்னிடம் சொன்னார்:

"போ ஃபிலோ, அந்தப் பக்கத்தையும் எடுத்துவிடு. பாவம், அதுக்கு அரிக்குது."